நான்காவது மாடியில் ஏப்ரல் மாதம்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி கேட்டு இங்கே எல்லோருக்கும் சந்தோஷம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டங்களான மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பையும் செல்மா ஊர்வலத்தையும் வகுப்பில் பாடமாக நடத்தி முடித்த பிறகு, "அப்புறம் யார் இந்த வழியில் போனார்கள்?" என்று பிள்ளைகள் கேட்டால் எதைச் சொல்வது என்று கேட்டிருந்தாய். கலிஃபோர்னியாவில் வேலைநிறுத்தம் செய்த டெலானோ திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களைச் சொல்லலாம். ஆனால் நீ 1977-இல் சான் பிரான்சிஸ்கோவில் மாற்றுத்திறனாளிகள் நடத்திய 504 உள்ளிருப்புப் போராட்டத்தை எடு. கறுப்பின மக்களின் போராட்டம் அதற்குள் எப்படி இறங்கியிருக்கிறது என்பதைத் தொட்டுக் காட்டலாம்.

அமெரிக்க மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தத் திட்டத்திலும் இனம், நிறம், பிறந்த நாடு காரணமாக ஒருவரை ஒதுக்கக் கூடாது என்கிறது 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் ஆறாம் தலைப்பு. 1973 மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு அதே வாக்கியத்தை எடுத்து, இனமும் நிறமும் இருந்த இடத்தில் உடற்குறையை வைத்தது. இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடு, பிள்ளைகளுக்கே புரிந்துவிடும்.

சிக்கல் அடுத்த கட்டத்தில். சட்டம் வந்தது, விதிகள் வரவில்லை. யார் மாற்றுத்திறனாளி, பழைய கட்டடத்தில் சாய்தளம் கட்ட எவ்வளவு அவகாசம், கட்டாவிட்டால் என்ன என்பதையெல்லாம் சொல்ல வேண்டியது சுகாதார, கல்வி, நலத்துறை. 1976-இல் நீதிமன்றமே சொல்லியும் இழுத்தடித்தார்கள். அதிபர் கார்ட்டர் ஆட்சியில் அந்தத் துறைக்கு அமைச்சரான ஜோசப் கலிஃபானோ, தயாராக இருந்த விதிகளை மறுபடி பரிசீலிக்கப் போவதாகச் சொன்னார். நீர்த்துப் போகச் செய்யத்தான் இந்தப் பரிசீலனை என்று போராட்டக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஏப்ரல் 5 அன்று பல நகரங்களில் அந்தத் துறையின் அலுவலகங்களுக்குள் போய் உட்கார்ந்தார்கள்.

வாஷிங்டனில் சாப்பாட்டை உள்ளே விடவில்லை. ஏறக்குறைய 28 மணி நேரத்தில் வெளியே வர வேண்டியதாயிற்று. சான் பிரான்சிஸ்கோவில் மட்டும் 150 பேர் வரை அந்தத் துறை அலுவலகத்தின் நான்காவது மாடியில் ஏப்ரல் 30 வரை தாங்கினார்கள். எப்படி என்பதுதான் உன் பாடம்.

போராட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் என்று எல்லோரும் ஜூடி ஹியூமன் பெயரைச் சொல்வார்கள், அது நியாயம்தான். ஆனால் கிட்டி கோன் செய்த முன்வேலையையும் சொல்லாமல் விடாதே. தசைச் சிதைவு நோயுடன் வாழ்ந்தவர், அதற்கு முன்பே சிவில் உரிமை இயக்கத்தில் வேலை செய்தவர். தேவாலயங்கள், தொழிற்சங்கங்கள், கறுப்பின அமைப்புகள் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். உள்ளே சாப்பாடு, மருத்துவம், ஊடகம், பாதுகாப்பு என்று தனித்தனிக் குழுக்கள்.

உடம்பு சம்பந்தப்பட்ட கணக்கு இங்கே பெரிது. முதுகுத்தண்டு பாதித்தவரைத் தரையில் ஒரே பக்கமாகப் படுக்க விட்டால் படுக்கைப் புண் வரும், புண்ணில் தொற்று ஏறினால் உயிருக்கே ஆபத்து. அதனால் இரவு முழுக்க யாராவது முறை வைத்து எழுந்து, தானாகப் புரள முடியாதவர்களைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். சிறுநீர்க் குழாயையும் கவனிக்க வேண்டும். பலர் ஒரு நாள் வேலை என்று நினைத்து மருந்தும் உதவியாளரும் இல்லாமல் வந்திருந்தார்கள். குளிரில் வைக்க வேண்டிய மருந்துகளுக்காக, ஏர் கண்டிஷனர் மேல் ஒரு பெட்டியை டேப் போட்டு ஒட்டிக் குளிர்பெட்டி ஆக்கினார்கள்.

தொலைபேசியைத் துண்டித்தபோது காது கேளாதவர்கள் ஜன்னலில் நின்று சைகை மொழியில் பேச, கீழே நின்றவர்கள் அதைப் படித்துச் சொன்னார்கள். அந்தத் தடையால் ஒன்றும் ஆகாதவர்கள் அவர்கள்தான்!

கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சிக்காரர்கள் ஓக்லண்டிலிருந்து வளைகுடாவைக் கடந்து தினமும் சூடான சாப்பாடு கொண்டுவந்தார்கள். அவர்களுடைய தோழர் பிராட் லோமாக்ஸ், சக்கர நாற்காலியில் இருந்தவர், உள்ளே உட்கார்ந்திருந்தார். அவருக்கு உதவியாக வந்த சக் ஜாக்சன் மற்றவர்களையும் கவனித்துக்கொண்டார். வாஷிங்டனையும் சான் பிரான்சிஸ்கோவையும் பிரித்தது இந்தச் சாப்பாடுதான் என்பேன்.

ஏப்ரல் 15 அன்று, அந்தக் கட்டடத்துக்குள்ளேயே நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஃபிலிப் பர்ட்டனும் ஜார்ஜ் மில்லரும் விசாரணை நடத்தினார்கள். துறையின் சார்பில் பேச வந்த அதிகாரி "தனித்தனி, ஆனால் சமம்" என்ற சொற்றொடரை வாயில் விட்டுவிட்டார். 1896-இல் உச்ச நீதிமன்றம் கறுப்பின மக்களைப் பிரித்து வைக்க ஒப்புதல் கொடுத்ததும், 1954-இல் பள்ளிகளில் செல்லாது என்றதும் இந்தக் கோட்பாட்டைத்தான். அதைக் கேட்டு அங்கிருந்தவர்கள் கொதித்ததற்கு வேறு காரணம் வேண்டுமா?

பிறகு ஒரு குழு வாஷிங்டனுக்கே போய் அமைச்சரின் வீட்டு வாசலில் நின்றது. ஏப்ரல் 28 அன்று கலிஃபானோ விதிகளை நீர்க்கச் செய்யாமலே கையெழுத்திட்டார். கட்டட மாற்றம் தேவைப்படும் இடங்களுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு அவகாசம். உள்ளே இருந்தவர்கள் உடனே எழுந்து போய்விடவில்லை, இரண்டு நாள் கழித்து 30-ஆம் தேதி எல்லோருமாக ஊர்வலமாக வெளியே வந்தார்கள். 1990-இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் இந்த விதிகளின் மேல்தான் எழுந்தது.

வகுப்பில் ஒன்று செய்து பார். பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து, 150 பேர் ஒரு மாதம் தங்க என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போடச் சொல். சாப்பாடு, தண்ணீர், மருந்து எல்லாம் எழுதிவிடுவார்கள். இரவில் திருப்பிப் படுக்க வைக்க ஆள் வேண்டும் என்று யார் எழுதினார்கள் என்று மட்டும் எனக்கு எழுது.

அன்புடன்,
ராகவன்