கழிவு ஜாடியைத் திறந்த கதை

தூத்துக்குடி,
ஞாயிறு மாலை.

என் அருமை நண்டுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இதற்குள் நாலு முறையாவது என்னைத் திட்டியிருப்பாய். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை வந்துவிடுகிறாள். வந்ததும் என் சாம்பாரில் உப்பு போதவில்லை என்கிறாள். தேறிவிட்டாள் என்று வைத்துக்கொள்.

உன் மாணவி எங்கள் லேபுக்கு வரலாமா என்று கேட்டிருந்தாயே, "கடல் வேலை" என்ற நினைப்பில் இருக்கிறாள் என்றால் முதலிலேயே சொல்லிவிடு. கடலடிச் சேற்றில் வாழும் சிற்றுயிர்களைப் பொறுக்கி எண்ணுவதுதான் எங்கள் வேலை, எங்களிடம் கடல் பிளாஸ்டிக் ஜாடியில்தான் வரும். படகில் போகிறவர்கள் வேறு ஆட்கள். வான் வீன் கிராப் என்கிற கவ்வி ஒரு கவ்வலில் 0.1 சதுர மீட்டர் அடித்தரையை அள்ளும். அதை அரை மில்லிமீட்டர் சல்லடையில் அலசி, தங்கினதை அழுகாமல் இருக்க ஃபார்மலினில் போட்டு அனுப்புவார்கள். போராக்ஸ் சேர்க்க மறந்தால் ஃபார்மலின் நாளடைவில் அமிலமாகி சிப்பி ஓட்டை அரித்துவிடும். போன வருடம் ஒரு ஜாடியில் சிப்பியெல்லாம் அப்பளம் மாதிரி இருந்தது, ஊசி பட்டதும் பொடிந்தது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அதற்கப்புறம் எங்கள் பாடு. ரோஸ் பெங்கால் சாயம் ஏற ஒரு இரவாவது விட வேண்டும். பிறகு வாளியில் தண்ணீர் விட்டுச் சுழற்றி, மேலே எழும்புவதைச் சல்லடையில் சாய்ப்பது. அரிசியில் கல் அரிக்கிற அதே கைவாகுடி. புழுவும் இறால் குஞ்சும் மேலே வந்துவிடும். நத்தையும் சிப்பியும் அடியில் கிடக்கும், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். வெள்ளைத் தட்டில் ஸ்பூன் ஸ்பூனாகப் போட்டு இளஞ்சிவப்பாகத் தெரிவதைப் பொறுக்குவதுதான் நாள் முழுக்க. புழு துண்டாகியிருந்தால் தலை இருப்பதை மட்டும்தான் எண்ணிக்கையில் சேர்ப்போம். பரங்கிப்பேட்டையில் படிக்கும்போது நீ வால்களையும் சேர்த்து எண்ணி சார்கிட்ட மாட்டினது ஞாபகம் இருக்கிறதா?

இனி சொல்ல வந்த விஷயம். கப்பல் கால்வாய் தூர்வாரும் இடத்துக்குப் பக்கத்தில் மாதிரி எடுத்த ஒரே புள்ளியிலிருந்து மூன்று ஜாடி. முதலாவதில் 63 உயிர், மூன்றாவதில் 58, நடுவில் இருந்ததில் வெறும் 14. "கடலடி அப்படித்தான் மேடம், இடத்துக்கு இடம் மாறும், சராசரி போட்டுடுங்க" என்றார் வேலை கொடுத்தவர்களின் ஆள். அவர் சொன்னதும் பொய்யில்லை, திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. பொறுக்கி முடித்த கழிவை நாங்கள் கொட்டுவதில்லை. எடுத்து மறுபடி பார்த்தேன். நார்க்குப்பைக்குள் 41 புழு! அதில் 37 காப்பிடெல்லிட் என்கிற புழுக் குடும்பம், தையல் நூல் போல மெலிசு. மெத்தில் பச்சைச் சாயம் போட்டு முன்னுடலின் கணுக்களை எண்ணினேன். ஒன்பது. அந்தக் குடும்பத்தில் காப்பிடெல்லா பேரினம்தான்.

லேபிளில் பொறுக்கியவர் என்று இருந்தது என் கையெழுத்து. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த மறுநாள் தேதி.

விட்டது 41 என்பதோடு போகவில்லை. ஒரு ஜாடியில் ஒரு புழு தவறினால் அந்த ஜாடிக் கணக்கில் சதுர மீட்டருக்குப் பத்து போச்சு. அதைவிட மோசம், நான் விட்டதில் பெரும்பாலும் அழுகல் சேற்றில் பெருகுகிற புழு. அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருக்கிற 14-ம் வகைவகையாகத் தெரிகிறது, உயிர்வகைப் பன்மையை அளக்கும் ஷானன் குறியீடு ஏறுகிறது, அந்த இடமே நல்ல ஆரோக்கியமாக இருக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. அந்த ஆளுக்கு அந்த 14 பிடித்துப்போனதற்கு அதுதான் காரணமா என்று எனக்கு இன்னும் சந்தேகம். திருத்திய அட்டவணையை அனுப்பினேன். இரண்டு நாள் போனே இல்லை.

இனப்பெயர் எழுதும்போதும் கை நின்றது. காப்பிடெல்லா காப்பிடேட்டா என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள். அந்த ஒரே பெயருக்குள் ஆறு இனம் ஒளிந்திருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கிராஸில் தம்பதி 1976-லேயே காட்டியாயிற்று. நான் காப்பிடெல்லா என்று மட்டும் போட்டு நிறுத்திக்கொண்டேன். உன் நண்டுகளிடம் இந்த வம்பு கிடையாது, கொடுத்து வைத்தவள் நீ.

அந்தப் பெண்ணை வரச்சொல். முதல் மாதம் பழைய கழிவு ஜாடிகளைத்தான் கொடுப்பேன், என்னுடையதிலிருந்தே ஆரம்பிக்கட்டும். அம்மா உங்கள் நாகர்கோவில் நேந்திரங்காய் சிப்ஸ் கேட்கிறாள், அவளிடம் கொடுத்தனுப்பு. ஜாடியில் மட்டும் போட்டு அனுப்பிவிடாதே.

உன்,
புழு