வடிகாலின் வாய் எந்த மட்டத்தில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கினால், சென்னையில் எத்தனை கிலோமீட்டருக்கு மழைநீர் வடிகால் கட்டப்பட்டது என்ற கணக்கு வெளியாகிறது. அவை எந்த மட்டத்தில், அதாவது கடலைவிட எவ்வளவு உயரத்தில், போய் முடிகின்றன என்பதை யாரும் சொல்வதில்லை. வேளச்சேரியும் பெரும்பாக்கமும் எத்தனை நாளில் வடியும் என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்ததே.

ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் கொண்ட கான்கிரீட் வடிகாலுக்கு ஆயிரத்துக்கு ஒன்று வாட்டம் (ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு) கொடுத்தால், நிரம்பி ஓடும்போது வினாடிக்கு ஏறத்தாழ ஒரு கன மீட்டர் நீர் போகும். மணிக்கு 60 மி.மீ. மழை பெய்து, வயலும் தோப்புமான நிலத்திலிருந்து 30 சதவீதம் மட்டும் ஓடிவந்தால், 20 ஹெக்டேருக்கு அது போதும். அதே நிலம் கட்டடமும் தார்ச்சாலையுமாகி 90 சதவீதம் ஓடிவந்தால் 7 ஹெக்டேருக்கே போதாது. அடியில் 30 செ.மீ. வண்டல் படிந்தால் கொள்திறனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

இது இன்றைய மழைக்கான கணக்கு. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரப்பதத்தைத் தாங்கும்; மழையின் வேகமும் கூடும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியதே, அதைச் சுமக்கும் வடிகாலை எந்தத் தெருவிலும் கட்ட முடியாது. ஏரியும் சதுப்பும்தான் அதைத் தாங்கியாக வேண்டும்.

தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. கடல் ஏறியிருந்தால் நீர் அங்கேயே நின்றுவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பார்த்தோம். மேலே சொன்ன வாட்டத்தில், கடல் அரை மீட்டர் உயர்ந்தால் தேக்கம் வடிகாலுக்குள் இன்னும் 500 மீட்டர் பின்னோக்கி ஏறும். இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் அரை மீட்டர் உயர்வு சாதாரணமாக எதிர்பார்க்கக்கூடியது. வடிகாலின் வாயில் ஒருவழிக் கதவு வைத்தால் கடல்நீர் உள்ளே வராது. ஆனால் கடல் ஏறியிருக்கும்வரை மழைநீரும் வெளியே போகாது. கடல் இறங்கும்வரை, கதவுக்குப் பின்னால் அந்த ஆறேழு மணி நேர நீரைத் தேக்கி வைக்க இடம் வேண்டும். 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணையின் ஒவ்வொரு ஏக்கரும் அந்த இடம்தான். அங்கே மண் கொட்டி மேடாக்க அனுமதிப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

நிலையான சுவராக உள்ள ஏரிக் கலங்கல்களில் (உபரி நீர் வழிந்தோடும் இடங்களில்) ஒரு பகுதியை ஷட்டராக மாற்றலாம். கனமழை எச்சரிக்கை வந்ததும் ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் நீரை இறக்கினால் ஒரு கோடி லிட்டருக்கு இடம் கிடைக்கும். கட்டடங்கள் நிறைந்த 11 ஹெக்டேரில் பெய்யும் 10 செ.மீ. மழையின் நீரை அதில் பிடித்து வைக்கலாம். ஆனால் கீழேயுள்ள போக்குக்கால்வாய் முன்பே தூர்வாரப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் திறந்த நீரே ஊருக்குள் புகும்.

பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போடுவதையும் நிறுத்த வேண்டும். வீடுகள் பள்ளமாகின்றன, நீர் இறங்கும் துளைகளின் மட்டமும் மாறிப்போகிறது.

ஒவ்வொரு வடிகாலும் முடியும் இடத்தின் அடிமட்டத்தை, கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று, வார்டு வாரியாக மாநகராட்சி செப்டம்பருக்குள் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
நீரியல் பொறியாளர்கள் சிலர்,
சென்னை