அமேசான் கட்டுரையும் பர்மா தேக்கு விளம்பரமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். உங்கள் இதழ் இங்கே கடையில் கிடைக்காது, மெட்ராஸில் இருக்கும் மச்சான் பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்து அனுப்பினால்தான் உண்டு. போன இதழில் வந்த அமேசான் மழைக்காட்டுக் கட்டுரை நன்றாக இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாலு பக்கம் தள்ளி அரைப் பக்கத்துக்கு ஒரு விளம்பரம்: 'அசல் பர்மா தேக்கு, நிலைவாசல் கதவுகளுக்கு அணுகவும்.' எங்கோ இருக்கும் காட்டுக்குக் கவலை, பக்கத்து நாட்டுக் காட்டுக்குக் கன அடி விலையா என்று கேட்கத் தோன்றியது.

தேக்கு மழைக்காட்டு மரம் அல்ல என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். அது பெகு யோமா போன்ற மலைகளில், கோடையில் இலை உதிர்க்கும் காட்டில் வளர்வது. எங்கள் மழைக்காடு தெற்கே, நாட்டின் வால்போல நீளும் தனிந்தாரியில் இருக்கிறது. ஆனால் இரண்டையும் தின்றது ஒரே பழக்கம்தான்: எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்குவது.

பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் அந்தக் காலத்தில் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையோடு வெளிமரத்தையும் கொத்திவிட்டு, இரண்டு மூன்று வருடம் நின்ற நிலையிலேயே காயவிடுவார்கள், அப்புறம்தான் சாய்த்து யானையை வைத்து இழுத்து ஆற்றில் விடுவார்கள், சால்வீன் ஆற்று வழியாக மோல்மேன் துறைமுகம் வரை மிதந்து வரும். 1856-ல் வந்த டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர், எந்தச் சுற்றளவுக்கு மேல் வெட்டலாம், ஒரு பகுதிக்கு எத்தனை வருடம் கழித்துத் திரும்பி வரலாம் என்று கணக்கு போட்டு வைத்தார். வெள்ளைக்காரன் பர்மாக்காரனுக்காக ஒன்றும் செய்யவில்லை, தன் கப்பலுக்கும் ரயிலுக்கும் செய்தான், அது கிடக்கட்டும். கணக்கு என்று ஒன்று இருந்தது. அது பிறகு காற்றில் போனது. 2010-க்கும் 2015-க்கும் நடுவில் இங்கே வருடத்துக்குச் சுமார் 5.46 லட்சம் ஹெக்டேர் காடு அழிந்ததாக ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு சொன்னது. பிரேசில், இந்தோனேசியா, அடுத்து நாங்கள்.

சட்டம் போடாமல் இல்லை. 2014 ஏப்ரல் 1 முதல் முழு மரம் ஏற்றுமதிக்குத் தடை. 2016-ல் நாடு முழுக்க ஒரு வருடமும் பெகு யோமாவில் பத்து வருடமும் வெட்டக்கூடாது என்றார்கள். 2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின், அரசின் மர நிறுவனமான மியான்மா டிம்பர் எண்டர்பிரைஸ் மீது ஏப்ரலில் அமெரிக்காவும் ஜூனில் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. இந்தியா அப்படி எதுவும் செய்யவில்லை. திருட்டு மரம் இறக்குமதியாவதைக் குற்றமாக்கும் தனிச் சட்டமும் இந்தியாவில் கிடையாது.

மரவாடியில் கேட்டால் 'எல்லாப் பேப்பரும் இருக்கு சார்' என்பார்கள். 2016-லேயே சுவீடனில் ஒரு நீதிமன்றம், எங்கள் அரசு கொடுத்த காகிதம் மட்டும் போதாது, மரம் எந்தக் காட்டில் யாரால் வெட்டப்பட்டது என்று தெரியவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. நான் எதிர்பார்ப்பது அந்த ஒரு கேள்வியைத்தான். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஆப்பிரிக்காவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் தோட்டத் தேக்கு வந்து இறங்குகிறதே, அதை அந்தப் பெயரிலேயே விற்றால் என்ன? பழைய மரம்தான் வேண்டும் என்றால் காரைக்குடிக்குப் போனால் இடித்த வீட்டுக் கதவும் தூணும் கிடைக்கும், அதெல்லாம் ஒரு காலத்தில் இங்கிருந்து கப்பலேறிப் போன மரம்தானே. வைரம் பாய்ந்தது என்று ஆசாரியே தட்டிப் பார்த்துச் சொல்வார்.

தனிந்தாரிக்கு வருகிறேன். 1999-ல் அன்றைய ராணுவ அரசு அதை நாட்டின் எண்ணெய்க் களஞ்சியம் ஆக்குவதாகச் சொல்லி எண்ணெய்ப்பனைக்குக் காட்டைக் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. பல இடங்களில் மரத்தை வெட்டி விற்றதோடு சரி, பனை நட்டது கொஞ்சம்தான். அங்கே சமவெளிக் காட்டில் நம் ஆறுமணிக்குருவிக்கு உறவுக்காரப் பறவை ஒன்று இருக்கிறது, கர்னி பிட்டா என்று பெயர், பர்மாவில் அழிந்துபோனதாக நினைத்திருந்து 2003-ல் திரும்பக் கண்டுபிடித்தார்கள். எண்ணெய்ப்பனைக்கும் அதே சமவெளிதான் வேண்டும். இத்தனைக்கும் பிறகு ரங்கூனில் ஒரு வீசை எண்ணெய் வாங்க இன்றும் மலேசிய, இந்தோனேசியக் கப்பலைத்தான் எதிர்பார்த்து நிற்கிறோம்!

உங்கள் ஊர் ரேஷன் கடைப் பாமாயிலும் இறக்குமதிதான். அதைக் குறை சொல்லமாட்டேன், ஏழை வீட்டு அடுப்பு எரியவேண்டும். ஆனால் அவ்வளவு பெரிய டெண்டர் விடும் ஒரு மாநில அரசு, எண்ணெய் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, அந்தத் தோட்டம் எப்போது காடாக இருந்தது என்று ஒரு நிபந்தனை போட்டால் விற்பவன் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். ஐரோப்பா 2023-ல் போட்ட சட்டம் இதைத்தான் கேட்கிறது, பாமாயிலுக்கும் ரப்பருக்கும் காப்பிக்கும் மரத்துக்கும் சேர்த்து. அமலாகும் தேதியைத் தள்ளித் தள்ளிப் போடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

காட்டைக் காப்பாற்றுகிறேன் என்று மேலிருந்து வருபவர்களிடமும் ஜாக்கிரதை வேண்டும். தனிந்தாரியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஆதரவில் பெரிய பாதுகாப்புப் பகுதிகள் அமைக்கும் வேலை வந்தபோது, எங்களைக் கேட்காமல் எங்கள் நிலத்தில் கோடு போடுகிறீர்கள் என்று அங்கே வாழும் கரேன் இன மக்கள் 2018-ல் புகார் கொடுத்தார்கள், வேலை நின்றது. அதே வருடம் வடக்கே சால்வீன் கரையில் கரேன்கள் தாங்களே 5,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் அமைதிப் பூங்கா என்று அறிவித்துக்கொண்டார்கள். அதற்காக உழைத்த பால் செயின் ட்வாவுக்கு 2020-ல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. அமேசான் கட்டுரை எழுதியவர் அடுத்து இதை எழுதலாமே.

விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது, தெரியும். 'பர்மா தேக்கு' என்று விளம்பரம் கொடுப்பவரிடம், 2021-க்குப் பிறகு வந்த மரமா, யாரிடம் வாங்கியது என்று எழுதி வாங்கிக்கொண்டு பிறகு அச்சிடுங்கள். எழுதித் தர மறுத்தால் அந்த அரைப் பக்கத்துக்கு வேறு விளம்பரம் கிடைக்காமலா போகும்?

இங்கே நிலைமை உங்களுக்குத் தெரியும். கடிதத்தைப் போட்டால் என் பெயரையும் தெருவையும் போடவேண்டாம்.

ரங்கூன் வாசகர்