'பத்து எழு…' முழுசாகச் சொல்லவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்

கடலூரில் பொதுமக்கள் காத்திருக்கும் கூடங்களில் விழிப்புணர்வு வீடியோ ஓடவிடும் அலுவலர்களுக்கும், ரிமோட்டைக் கையில் வைத்திருக்கும் ஆபரேட்டர் தம்பிகளுக்கும்,

வணக்கம். மஞ்சக்குப்பத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன் எழுதுகிறேன். போன வாரம் ஒரு சான்றிதழுக்காக உங்கள் கூடம் ஒன்றில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எந்தக் கூடம் என்று சொல்லி யாரையும் மாட்டிவிட விருப்பமில்லை. சுவரில் டிவி, அதில் புயல் முன்னெச்சரிக்கை வீடியோ ஒன்றே திரும்பத் திரும்ப. டார்ச் லைட் எடுத்து வையுங்கள், குடிதண்ணீர் பிடித்து வையுங்கள், எல்லாம் நன்றாகத்தான் வந்தது. கடைசியில் ஒரு பெண் குரல், "அவசர உதவிக்கு அழைக்கவும், பத்து எழு" என்னும்போதே டொய்ங் என்று முதல் காட்சி. திரையிலும் 1, 0, 7 வரைக்கும்தான். நாலாவது எண் வருவதற்குள் மறுபடி டார்ச் லைட்.

பக்கத்தில் தேவனாம்பட்டினத்து அம்மா ஒருவர். பழைய ரசீதின் பின்பக்கம் 107 என்று எழுதிவிட்டு, அடுத்த சுற்றுக்குப் பேனாவைப் பிடித்தபடியே காத்திருந்தார். நாலு சுற்று ஆச்சு. "ஏன் தம்பி, இவ்ளோதானா நம்பரு?" 1077 என்று சொன்னேன். "அத அந்தப் பொண்ணு சொல்றதுக்கு என்னவாம்?" என்றார்.

2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் அடித்துப் போட்ட ஊர் இது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்த கையோடு தென்பெண்ணை வெள்ளமும் வந்தது. டார்ச் லைட் எடுத்து வைக்க எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நாலு எண்தான் தேவை.

ஆபரேட்டர் தம்பியிடம் கேட்டேன். "ஃபைலே அப்படித்தான் சார் வந்துச்சு" என்றார். வீடியோ செய்தவரைக் கேட்டால் "என் சிஸ்டத்துல முழுசா ஓடுதே" என்பார். நானே அப்படிச் சொன்னவன்தான். ஒரு ரிசப்ஷனில் எல்இடி வாலில் மாப்பிள்ளை பெயர் வந்து, பெண் பெயர் வருவதற்குள் லூப் திரும்பிவிட, பெண்ணின் தாய்மாமன் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் வெட்டு எங்கே விழுகிறது என்று பாருங்கள். செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன்: ஒவ்வொரு சுற்றும் பிசகாமல் 30 நொடி. இப்படி முழு எண்ணாக வந்தால் ஃபைல் மேல் பழி போடாதீர்கள். பிளேலிஸ்ட்டில் யாரோ அந்த வீடியோவுக்கு 30 நொடி என்று குறித்திருப்பார்கள். போட்டோவுக்கு நேரம் வைப்பது போல வீடியோவுக்கும் வைக்கச் சொல்லும் சாஃப்ட்வேர்கள் உண்டு. அதை வீடியோவின் முழு நீளத்துக்கு மாற்றினால் தீர்ந்தது. அநேகமாக உங்கள் கதை இதுதான்.

அரை நொடி, ஒரு நொடி மட்டும் விழுங்கினால் அது வேறு நோய். சில டிவிகளும் ஆண்ட்ராய்டு பாக்ஸ்களும் கடைசி ஃப்ரேம்களைக் காட்டி முடிப்பதற்குள் முதலுக்குத் தாவிவிடும். ஒலியும் படமும் ஒரே நீளத்தில் இல்லாவிட்டால், எது முதலில் தீர்கிறதோ அங்கேயே திரும்பிவிடுகிற பிளேயரும் உண்டு. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். எடிட்டிங்கிலேயே கடைசிக் காட்சியை மூன்று நொடி அப்படியே நிறுத்தி, ஒலிப் பக்கமும் அதே அளவு மௌனம் சேர்த்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். விழுங்கினால் அதை விழுங்கட்டும். பந்தியில் ரெண்டு இலை கூடப் போடுகிற மாதிரி.

நடுவிலேயே அறுந்தால் பெரும்பாலும் காப்பி அரைகுறை. பென்டிரைவை எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கும் பழக்கம் எனக்கும் உண்டு. எம்பி4 ஃபைலுக்குள் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை ஒன்று இருக்கும். அது கடைசியில் இருந்து, காப்பி பாதியில் நின்றால் படமே திறக்காது, உடனே தெரிந்துவிடும். முன்னால் இருந்தால்தான் வம்பு. படம் திறக்கும், நீளம்கூட முழுசாகக் காட்டும், பாதியில் நிற்கும். அதனால் நீளத்தை நம்பாமல், பென்டிரைவைக் கழற்றி மறுபடி செருகி, கம்ப்யூட்டரிலும் பென்டிரைவிலும் ஃபைலின் பைட் கணக்கு ஒன்றுதானா என்று பாருங்கள்.

லூப்பே வேண்டாமென்று ஒரே வீடியோவை நூறு தடவை ஒட்டி நீளமாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் 4 ஜிபியைத் தாண்டிய ஃபைல் ஏறாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எது செய்தாலும் அந்த டிவியிலேயே, எங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு சுற்று பாருங்கள். ஒரு சுற்று போதாது. கோளாறு திரும்பும் இடத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்று. அந்த எண்ணைக் கடைசிக் காட்சிக்கென்று ஒளித்துவைக்காமல் முதல் நொடியிலிருந்தே திரையின் அடியில் நிறுத்திவிடுங்கள். எடிட் செய்ய ஆள் இல்லையென்றால் நானே செய்து தருகிறேன், காசு வேண்டாம். சான்றிதழுக்கு எப்படியும் செவ்வாய்க்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறீர்கள். பென்டிரைவோடு வருகிறேன்.

இப்படிக்கு,
டோக்கன் எண் 43