‘எத்தனை எக்ஸ்?’ என்று கேட்ட பிறகு கேட்க வேண்டியவை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கோடியக்கரைக்குப் பூநாரைகள் வரும் பருவம் நெருங்கினாலே, கும்பகோணத்தில் இருக்கும் நம் கடையில் ஜூம் கேமரா விசாரிப்பவர்கள் கூடிவிடுவார்கள். வடுவூர் ஏரிக்குப் போகிறவர்கள், பெரிய கோயில் விமானத்தின் மேல்நிலைச் சிற்பங்களைத் தரையில் நின்றே எடுக்க நினைப்பவர்கள், நிலாவை எடுத்தே தீருவேன் என்று நிற்கும் கல்லூரிப் பிள்ளைகள், எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “இது எத்தனை எக்ஸ்?” அதாவது, ஜூம் எத்தனை மடங்கு?

அதில் ஆப்டிகல் ஜூம் எண்ணை மட்டும் பாருங்கள். நிக்கான் பி1000 என்கிற ஜூம் கேமராவில் 125 எக்ஸ் வரை லென்ஸ் செய்கிற வேலை. அதற்கு மேல் 500 வரை போவது டிஜிட்டல் ஜூம். படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்குவது. அதை வீட்டில் உட்கார்ந்து போனிலேயே செய்துகொள்ளலாம். சரி, எக்ஸ் கதை இவ்வளவுதான். வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து கேட்பதெல்லாம் வேறு: படம் போனுக்கு வரவில்லை, வீடியோ பாதியில் நின்றுவிட்டது, பேட்டரி மதியத்தைத் தாண்டவில்லை.

முதலில் போன் விஷயம். கேமராவே சின்னதாக ஒரு வைஃபையை உண்டாக்கும். போன் அதில் போய்ச் சேர வேண்டும். நெட் தேவையில்லை என்பதால் டவர் கிடைக்காத அலையாத்திக் காட்டுப் பக்கமும் வேலை செய்யும். ஆனால் இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று தெரிந்ததும் பல போன்கள் தாமாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். படம் அனுப்பும்வரை டேட்டாவை அணைத்து வையுங்கள், பாதித் தொல்லை தீர்ந்தது. நிக்கானில் புளூடூத் வழியாகத் தானே வந்து சேரும் படங்கள் 2 மெகாபிக்சலுக்குச் சுருக்கப்பட்டவை. வாட்ஸ்அப்புக்கு அது தாராளம். அதையே கொண்டுவந்து 12-க்கு 18 அங்குலப் பிரிண்ட் போடச் சொன்னால், கொக்கின் இறகெல்லாம் மாவு பூசினாற்போலத்தான் வரும். பிரிண்டுக்குக் கேமராவின் மெமரி கார்டையே எடுத்து வாருங்கள். எங்களைக் கேட்டால், டைப்-சி கார்டு ரீடர் ஒன்று போதும். போனில் செருகினால் முழு அளவுப் படம் வைஃபையைவிடச் சீக்கிரம் வந்துவிடும்.

கேமராவின் பக்கவாட்டு மூடியையும் திறந்து பாருங்கள். 2018-இல் வந்த பி1000-இல் கேபிள் செருகும் துளை மைக்ரோ யூஎஸ்பி; 2025-இல் வந்த பி1100-இல் டைப்-சி. டிஜிட்டல் கேமராக்களுக்கு டைப்-சி கட்டாயம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் கொண்டுவந்த விதியின் புண்ணியத்தில், புது மாடல்களுக்குப் போன் கேபிளே போதும். டிவியில் போட்டுப் பார்க்கும் துளை பெரும்பாலும் மைக்ரோ எச்டிஎம்ஐ. வீட்டில் செட்டாப் பாக்ஸுக்கு இருக்கும் கேபிள் இதில் நுழையாது.

இனி கார்டு. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். முகப்பில் பெரிய எழுத்தில் இருக்கும் வேகம் பெரும்பாலும் படிக்கும் வேகம். வீடியோவுக்கு வேண்டியது எழுதும் வேகம். வி30 அல்லது யு3 என்று சின்னதாகப் போட்டிருந்தால் நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் என்று பொருள். கிளாஸ் 10 என்றால் 10 எம்பிக்குத்தான் உத்தரவாதம். நொடிக்கு 100 மெகாபிட் (அதாவது 12.5 எம்பி) கணக்கில் 4கே வீடியோ எடுத்தால் நிமிடத்துக்கு 750 எம்பி போகும். 64 ஜிபி கார்டு 80 நிமிடம்போலத் தாங்கும். வெறும் போட்டோவுக்கு இந்தக் கவலையே வேண்டாம். பழைய கேமரா வைத்திருப்பவர்கள் அதில் எஸ்டிஹெச்சி (பழைய கார்டு வகை) என்று மட்டும் இருந்தால் 32 ஜிபிக்கு மேல் வாங்காதீர்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று 512 ஜிபி வாங்கி, உள்ளே அதில் கால்வாசிகூட இல்லாத போலிக் கார்டு மாட்டுவதும் உண்டு. நிறைகிறவரை ஒன்றும் தெரியாது, அப்புறம் எடுத்த படங்கள் திறக்காது. ‘கார்டு பூட்டப்பட்டுள்ளது’ என்று கேமரா சொன்னால் மட்டும் பதற வேண்டாம். கார்டின் இடது ஓரத்தில் நகத்தால் தள்ளுகிற சின்ன நெம்பு கீழே இறங்கியிருக்கும், மேலே தள்ளிவிடுங்கள்.

துணைப் பொருட்களில் முதல் செலவு இரண்டாவது பேட்டரி. பி1000-க்கு ஒரு சார்ஜில் சுமார் 250 படம் என்று நிக்கானே சொல்கிறது. ஜூமை முன்னும் பின்னும் ஓட்டினால் அதுவும் குறையும். விலை குறைந்த டூப்ளிகேட் பேட்டரி உப்பினால் வெளியே வராமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அடுத்து டிரைபாட். பி1000 கேமரா 1.4 கிலோ, செல்போன் ஸ்டாண்ட் தலை சாய்ந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர் ஈரம் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க வைக்கும். லென்ஸ் கழற்ற முடியாத கேமரா என்பதால் துடைக்கவும் வழியில்லை, சர்வீஸுக்குத்தான் அனுப்ப வேண்டும். தோல் பையில் போட்டு பீரோவில் பூட்டாமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்றுங்கள்.

கார்டு அசலா என்று சந்தேகமிருந்தால் கடைக்குக் கொண்டு வாருங்கள், முழுக்க நிரப்பிப் படித்துப் பார்த்துச் சொல்கிறோம். நேரம் பிடிக்கிற வேலை, காலையில் கொடுத்துவிட்டால் நல்லது. சோதனையில் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். படங்களை முன்கூட்டியே காப்பி எடுத்து வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கேமரா கடை,
கும்பகோணம்