ஆண்டறிக்கை: மண் வந்தது, சந்தா வரவில்லை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கூட்டங்கள் நடந்தன, மூன்றில் கோரம் (கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச வருகை) இல்லை. டிசம்பர் 5 உலக மண் நாள் கொண்டாடினோம். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் நடக்கும் கிருஷி மேளா என்ற வேளாண் கண்காட்சிக்கு ஒரு வேன் போனது, பாதி காலியாக.

சரி, மண் பரிசோதனைக்கு வருகிறேன். என் யோசனை என்பதால் அதையே பேசுகிறேனாம், பேசுவேன். ஊருக்குப் போகிறவர்கள் நிலத்திலிருந்து அரைக் கிலோ மண் கொண்டுவாருங்கள், மொத்தமாக ஆய்வகத்தில் கொடுக்கலாம் என்றேன். அரை அடி ஆழத்தில் 'வி' வடிவக் குழி, பத்துப் பதினைந்து இடம், வரப்போரமும் மரநிழலும் எருக்குழிப் பக்கமும் வேண்டாம். நம்மில் பாதிப்பேர் இதைப் பாடமாகவே நடத்தியவர்கள். அப்படியும் ஒருவர் மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரமான டிஏபியின் காலிச் சாக்கில் மண்ணைக் கட்டி இங்கே பெங்களூரு அல்சூருக்குக் கொண்டுவந்தார்! ஆய்வில் மணிச்சத்து எகிறாமல் என்ன செய்யும்?

அப்புறம் அந்த 0.38 விவகாரம். மண்ணை உயிர்ப்பிப்பது பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய நம் மூத்த உறுப்பினரின் நிலத்தில் அங்ககக் கரிமம், அதாவது மட்கிய இலைதழையிலிருந்து மண்ணில் சேரும் கரிமம், 0.38 சதவீதம்தான். 0.5க்குக் கீழே என்றால் குறைவு என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, என் நிலம் 0.41. நம் வெயிலில் மட்கு வேகமாகச் சிதைந்துவிடும், பசுந்தாள் உரமாக ஒரு போகம் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுததும் கரிமம் ஏறிவிடாது. ஆனால் அந்த முடிவைக் கூட்டத்தில் நான் வாசித்தது தவறாம். பெயரையா சொன்னேன்? ஊரைத்தான் சொன்னேன். அந்த ஊரில் நிலம் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து அவர் வருவதில்லை, அவரோடு இன்னும் நாலைந்து பேர், சந்தாவும் அவர்களோடு போய்விட்டது.

வரவு செலவு பொருளாளரிடம் இருக்கிறது, சரியாகத்தான் இருக்கும். ஆய்வகக் கட்டணத்தில் ஒரு பகுதி என் கையிலிருந்து போனது, அதைக் கணக்கில் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இடம் தந்தவருக்கும் தேநீர் தந்தவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் நானே செயலாளராக இருக்க வேண்டும் என்பதில்லை, யாராவது முன்வந்தால் பீரோ சாவியை அன்றே கொடுத்துவிடுவேன். கோடை உழவுக்கு முன் மறுபடி மாதிரி எடுக்க வேண்டும், அதே நிலத்தில், அதே மாதத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும், அந்த 0.38 உட்பட. மூத்தவருக்கென்று சுத்தமான துணிப்பை ஒன்று தனியாக வைத்திருக்கிறேன். மண்ணோடு சந்தா 500 ரூபாயையும் அதிலேயே போட்டு அனுப்பினால் உதறி எடுத்துக்கொள்கிறேன்.

செயலாளர்