எட்டு வேண்டாம், ஐந்து போதும்

அன்புள்ள வசந்தி,

இங்கே எல்லோரும் நலம். லோகு அண்ணன் இன்னும் அந்தக் குச்சி ஐஸ் கணக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், நீயே பதில் சொல்லிக்கொள். நீ அனுப்பிய திரைக்கதையை முழுசாகப் படித்த பிறகு எழுதலாம் என்றுதான் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன்.

நன்றாக வந்திருக்கிறதடி. மனைவியை இழந்தவர், கணவனை இழந்தவள், இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வீட்டில். 1980இல் நடிகை லட்சுமி முதன்முதலாக இயக்கிய ‘மழலைப் பட்டாளம்’ எடுத்துக்கொண்ட களம் இது. பாலசந்தர் மேற்பார்வை, சுமித்ரா, விஷ்ணுவர்தன் நடிப்பு, கன்னடத்திலும் எடுத்தார்கள். பட்டாளம் என்றதும் நீயும் எட்டுப் பிள்ளைகளை இறக்கிவிட்டாய். எனக்குச் சண்டையே அங்கேதான்.

அந்த எட்டில் மூன்று பேருக்குச் சொந்தமாக ஓர் ஆசையோ கோபமோ இல்லை. ‘சிறுவன் 2 சிரிக்கிறான்’ என்கிறாயே, அவன் எந்த வீட்டுப் பிள்ளை? ஐந்தாகக் குறை. அந்தப் பக்கம் மூன்று, இந்தப் பக்கம் இரண்டு. எதற்கு ஓட்டெடுத்தாலும் மூன்று பேர் கட்சி ஜெயிக்கும், இரண்டு பேருக்கு உள்ளுக்குள் கொதிக்கும். ஒரு பிள்ளை கட்சி மாறும் இடத்தில் உன் இடைவேளை.

ஐந்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2017 குழந்தைத் தொழிலாளர் விதிப்படி, படப்பிடிப்பில் ஒரு பொறுப்பாளர் ஐந்து குழந்தைகளைத்தான் பார்த்துக்கொள்ளலாம். 14 வயது முடியாத பிள்ளைக்கு நாளைக்கு ஐந்து மணி நேரம்தான் வேலை, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேலும் கூடாது. கலெக்டர் அனுமதி, பெற்றோர் சம்மதம், படிப்புக்கு ஏற்பாடு, சம்பளத்தில் 20 சதவீதமாவது பிள்ளை பெயரில் வங்கி வைப்பு. தயாரிப்பாளரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடு. கடைக்குட்டிக்கு மட்டும் இரட்டையர் கிடைத்தால் விடாதே. ஒன்று தூங்கினால் மற்றது நடிக்கும்.

இப்போது உன் பந்திக் காட்சி. அது படத்தின் உயிர். ஆனால் நான்கு பக்க வசனத்தை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டே பேசுவதாக எழுதியிருக்கிறாய். மூன்றாவது டேக்கில் பிள்ளைகளுக்கு வயிறு நிறைந்துவிடும், ஐந்தாவதில் சோற்றைப் பார்த்தாலே முகம் சுளிக்கும். விளக்குச் சூட்டில் வாழை இலை வேறு ஓரம் சுருண்டு நிறம் மாறும். ஆகவே வாயில் வைப்பது எந்த ஷாட்டில் என்று இப்போதே குறித்துக்கொள், மற்றதில் பிசைந்தால் போதும். ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் இலையைப் படம் எடுத்து, கூட்டு எந்த மூலை, அப்பளம் உடைந்ததா முழுசா என்று பார்த்துப் பரிமாற ஓர் உதவியாளர் வேண்டும். பிள்ளைகளின் குளோசப்பை முதலில் முடித்துவிடு. பெரியவர்களுடையது மாலைக்கு நிற்கும்.

உட்காரும் இடமே கதை சொல்லட்டும். இரண்டு வீடும் எதிரெதிர் வரிசை. ஒரு வரிசையிலிருந்து எதிர் வரிசைக்குப் போகும் பார்வைக் கோட்டைத் தாண்டாமல் கேமராவை ஒரே பக்கம் வைத்தால், ஒரு வீடு எப்போதும் இடது பார்க்கும், மற்றது வலது. பிற்பாதியில் சின்னவள் இலையைத் தூக்கிக்கொண்டு எதிர் வரிசைக்கு வந்து உட்காரும்போது வசனமே தேவைப்படாது.

பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டை ஏன் விட்டாய்? ஒரே வீட்டிலிருந்து வரும் இரண்டு பேருக்கு இரண்டு இனிஷியல், வகுப்பே திரும்பிப் பார்க்கும். சண்டையைச் சமையல்கட்டில் தேடாமல் அங்கே வை.

அட்டவணை விஷயம்: ஆறேழு வயதுப் பிள்ளைக்கு முன்பல் விழும். இரண்டு கட்டமாகப் படம்பிடித்தால் ஒரே காட்சியில் பல் இருக்கும், இருக்காது. அந்த வயதுக் காட்சிகளை ஒரே கட்டத்தில் முடி, அல்லது பல் விழுவதைக் கதையிலேயே சேர். மூத்தவனாகப் பதின்மூன்று வயதுப் பையன் வந்தால் டப்பிங்கைத் தள்ளிப்போடாதே, குரல் உடைந்துவிடும்.

கடைசியாக ஒன்று, இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். அம்மா படத்துக்கு முன்னால் பிள்ளை அழும் காட்சிக்காக, ‘உன் அம்மா செத்துட்டாங்கன்னு நெனச்சுக்கோ’ என்று யாரும் அந்தக் குழந்தையிடம் சொல்லக் கூடாது. அது கொடுமை. இயக்குநரிடம் எழுதியே வாங்கிக்கொள். கிளிசரினும் வேண்டாம். பிள்ளை அழாமலிருக்கப் பார்ப்பதாக எழுது. பள்ளிக்குக் கிளம்பி ஷூ லேஸ் கட்டுகிறான், முடிச்சு நழுவுகிறது, மறுபடி கட்டுகிறான். கேமரா அந்த விரல்களில் இருக்கட்டும். மாலை போட்ட படம் பின்னால் மங்கலாகத் தெரிந்தால் போதும்.

ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு பக்கம் எழுதி அனுப்பு: என்ன வேண்டும், எதை ஒளித்து வைத்திருக்கிறான், யாரோடு பேச மாட்டான். அது வந்ததும் பந்திக் காட்சியை ஷாட் பிரித்துத் தருகிறேன். அத்தையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கலா